தலைப்பிரசவத்துக்கு வந்த ஜீப்

சுடலைமுத்து காலை ஒன்பது மணிக்கே வில்லேஜ் ஆபீஸ் வரிசையில் நின்றார். தாத்தா காலத்திலிருந்து இடுக்கி மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற குடும்பம். ஆனாலும் வீட்டுமனைக்கு மனுப் போட, அவர் கேரளாக்காரர்தான் என்று ஒரு சான்று வேண்டுமாம்.

"சேட்டன் ஜனிச்சது தமிழ்நாட்டிலல்லே?" என்று கிளார்க் பெண் பிறப்புச் சான்றைத் தள்ளிவிட்டாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா சங்கரன்கோவிலில் இருந்த தன் தாய்வீட்டுக்குப் போனாள், மூன்றே மாதத்தில் கைக்குழந்தையோடு மலையேறிவிட்டாள் என்று மன்றாடினார். எடுபடவில்லை. தாத்தா பெயர் இருக்கும் பழைய எஸ்டேட் பதிவேடு வேண்டும் என்றாள். எஸ்டேட் ஆபீசுக்கு ஓடினார். அது செல்லரித்துப் போயிற்றாம். தாலுகா ஆபீசில், பிறந்த ஊரிலேயே வாங்கிக்கொள் என்று கைவிரித்தார்கள். அங்கே போன மாதமே போய், 'நீ கேரளாக்காரன்' என்ற பதிலோடு திரும்பியிருந்தார். இத்தனைக்கும் எஸ்டேட் லயத்து வீட்டிலேயே பிறந்த தம்பிக்கு ஒரே வாரத்தில் சான்று கிடைத்துவிட்டது.

சாயங்காலம் லயத்துக்கு வந்தால், வாசலில் ஜீப். நிறைமாதமாகும் முன்னே மருமகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிப்போக அவளுடைய அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தாள்.

"எவளும் எங்கயும் போக வேண்டாம். பிள்ள இங்கதான் பொறக்கணும்!" என்று கத்தினார் சுடலைமுத்து.

சம்பந்தியம்மாள் கோபப்படவில்லை. "இங்க எங்கண்ணே பெறுவா? எஸ்டேட் ஆஸ்பத்திரியத்தான் இழுத்து மூடிட்டாங்கல்ல?"

சுடலைமுத்து மருமகளின் பையைத் தானே தூக்கிக்கொண்டுபோய் ஜீப்பில் வைத்தார்.