தையல் பார்த்து வெட்டுகிறவர்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் துணி ஆல்டர் செய்து கொடுக்கும் டெய்லர், அவசர உதவித் தொண்டர் பயிற்சியில் சேர்ந்ததை மனைவியிடம் இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தார். தெரிந்ததும் அவள் சண்டை போடவில்லை. இனி யாரைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று மட்டும் கேட்டாள். மகன் நடுரோட்டில் தொடை கிழிந்து கிடந்தபோது சுற்றி நின்றவர்களில் ஒருவரும் கை வைக்கவில்லை. பேன்ட்டுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அவன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

பயிற்சிக் கூடத்தில் பழைய சட்டை மாட்டிய பொம்மையைக் கிடத்தியிருந்தார்கள். துணியை வெட்டி, காயத்தைக் கண்டுபிடித்து, அழுத்திப் பிடிக்க வேண்டும். டெய்லர் முனை மழுங்கிய கத்தரியை வாங்கினார். கை தானாகப் பக்கவாட்டுத் தையலுக்குப் போனது. அந்தத் தையலைப் பிடித்து, துணிக்குச் சேதமில்லாமல், நூல் நூலாகப் பிரித்துக்கொண்டு போனார். ஆயுசு முழுக்கப் பிரித்துத் தைத்த கை.

"ஆள் போனாலும் சட்டை பொழச்சுக்கும்ணே," என்றார் பக்கத்திலிருந்த பால் வண்டிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு விஷயம் தெரியாது. டெய்லரும் சிரித்து வைத்தார்.

பயிற்சி கொடுத்த நர்சம்மா சிரிக்கவில்லை. தையலில் துணி இரண்டு மடிப்பு, கத்தரி திணறும், நடுத்துணியில் போங்கள் என்று காட்டிக் கொடுத்தார். வார முடிவில் தேர்வு. அதிலும் இப்படியே செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியிருக்கும் என்றார்.

அன்று சாயங்காலம் டெய்லர் தன் சட்டை ஒன்றை மேசையில் விரித்தார். தைக்காத துணியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறவருக்கு, தைத்து முடித்த சட்டைக்கு நடுவில் கத்தரி இறங்கவில்லை. திரும்பத் திரும்ப ஓரத்துக்கே ஒதுங்கியது. வாசலில் நின்று பார்த்த மனைவி உள்ளே வந்து துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்தாள்.

"யாருக்குத் திரும்பத் தைக்கப் போறீங்க? வெட்டுங்க."

வெட்டினார். அவருடைய சட்டைகள் ஒவ்வொன்றாகக் கிழிசலாயின. அவள் பிடித்த பிடியை விடவில்லை.

தேர்வன்று பொம்மைக்குப் பேன்ட் மாட்டியிருந்தார்கள். டெய்லர் அதன் பக்கத்தில் மண்டியிட்டார். கத்தரியைக் கணுக்காலில் நுழைத்து நடுத்துணியில் ஒரே ஓட்டமாக மேலே கொண்டுபோனார். தொடையில் சிவப்புச் சாயம். இரண்டு கையாலும் அழுத்தினார். போதும், கையை எடுங்கள் என்று நர்சம்மா சொன்ன பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தார். பால் வண்டிக்காரர்தான் தோளைத் தொட்டு எழுப்பினார்.

வீட்டில் அவள் அடுப்படியில் இருந்தாள்.

"பாஸா?"

"ம்."

"எவ்வளவு நேரம் ஆச்சு, வெட்டிப் பாக்க?"

அவள் மகனை நினைத்துத்தான் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கொஞ்ச நேரந்தான். மூச்சு விடற நேரம்."

அவள் அடுப்பை அணைத்தாள். கொதித்துக்கொண்டிருந்தது அடங்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.