கீழ் டிவிசனுக்கு மட்டும் ஆறரை

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நோர்வூட் பக்கம் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் அப்போது குறைவு. கொழும்பில் ஆறு மாதம் புரோகிராம் எழுதப் படித்துவிட்டு வந்த, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பெண் என்பதால் என்னைக் கூப்பிட்டு அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். எனக்குத் தலைக்கனம் எப்போதும் கொஞ்சம் உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கால் தரையிலேயே படவில்லை.

வாரா வாரம் ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு தாள் அச்சடித்து அனுப்புவது என் வேலை. ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு எத்தனை மணிக்கு, எந்த மலையில் கொழுந்து, நிறுவை எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். புரோகிராமில் வகுப்பு என்று சொல்லும் தொகுதிகள் உண்டு; நான்கு டிவிசனுக்கும் பொதுவானதை 'தோட்டம்' என்ற ஒரு தாய் வகுப்பில் எழுதினேன். நான்கு டிவிசனும் அதன் பிள்ளை வகுப்புகள். பெரட்டு ஏழு மணி என்று தாயிடம் ஒருமுறை எழுதிவிட்டால் போதும், பிள்ளைகள் நான்கும் அதையே எடுத்துக்கொள்ளும். நாலு தடவை எழுத வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒரு சனிக்கிழமை, லொறி முன்கூட்டியே வரப்போவதால் கீழ் டிவிசனுக்கு மட்டும் பெரட்டை ஆறரைக்கு வைக்கும்படி தோட்டத்து மேனேஜரான தொரை சொன்னார். கீழ் டிவிசனின் பகுதியைத் திறந்து, பெரட்டு ஆறரை என்று ஒரு வரி சேர்த்தேன். நான்கு தாளையும் அச்சடித்து, படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு பெரட்டுக் களத்திலும் ஒரு கரும்பலகை உண்டு. ஆபீஸ் சொன்னதை அழித்துவிட்டு, டிவிசனை நடத்தும் கண்டாக்கு தன் நேரத்தை எழுதிக்கொள்வார். அதனால் பக்கத்து டிவிசன் பலகையில் ஒன்றும் மாறாது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தவள் நான். புரோகிராமிலும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பினேன். ஆனால் நான் எழுதியதில் இருந்தது ஒரே பலகை, அது தாயுடையது. பிள்ளைக்கென்று தனிப் பலகை வைக்காமல் எழுதினால், எழுத்து தாயின் பலகையில்தான் விழும். கொழும்பில் சொல்லித்தந்தபோது இதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. நான்கு தாளிலும் ஆறரை என்றே அச்சாகியிருந்தது.

இரண்டு கண்டாக்குமார் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வழக்கம்போல ஏழுக்கே பெரட்டு வைத்தார்கள். மேல் டிவிசன் கண்டாக்கு மட்டும் அச்செழுத்துக்குப் பயந்தவர். திங்கட்கிழமை ஆறு மணிக்கே ஆட்களை எழுப்பத் தப்படிக்கச் சொல்லி, சரியாக ஆறரைக்கு வந்தவர்களின் பேர் எழுதி முடித்துவிட்டார். கைப்பிள்ளைகளை விட்டுவரும் பிள்ளைக் காம்பரா திறப்பதோ ஆறே முக்காலுக்கு. பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவந்த ஏழு தாய்மாரைப் பிந்திவிட்டீர்கள் என்று திருப்பி அனுப்பினார். ஏழில் ஒருத்தி என் அக்கா. ஐந்து மாதக் குழந்தைக்காரி.

பத்து மணிக்கு அந்தக் கண்டாக்கு ஆபீஸ் வாசலில் தாளும் கையுமாக நின்றார். மற்ற இரண்டு டிவிசனிலும் ஏழுக்குத்தானே நடந்தது, உமக்கு மட்டும் என்ன அவசரம் என்று பெரிய கிளாக்கர் சத்தம் போட்டார். தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மிசின் பிழை விடாது என்பது அவர் கட்சி. நான் உள்ளே திரையைப் பார்த்தேன். தாய் வகுப்பில் ஆறரை நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மூன்று மாதம் பத்திரம். அந்த மனிதர் குனிந்து நின்றதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

எழுந்து வெளியே போய், "அவரு மேல தப்பு இல்லைங்க. நான் எழுதுனதுதான் பிழை" என்றேன்.

தொரை என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். ஏழு பேருக்கும் அன்றைய கூலிக்குப் பேர் போடச் சொன்னார். என்னுடைய மூன்று மாதத்தை ஆறாக்கினார். அன்று பின்னேரமே தாயிடம் மறுபடி ஏழு என்று எழுதி, கீழ் டிவிசனுக்குச் சொந்தமாக ஆறரை என்று ஒரு நேரம் வைத்தேன். முதலில் பிள்ளையிடம் கேள், அதனிடம் இல்லாவிட்டால் தாயிடம் கேள் என்று அச்சடிக்கும் பகுதியையும் மாற்றினேன். இந்தத் தடவை நான்கு தாளையும் மூன்று முறை படித்தேன்.

பிறகு அக்கா குடியிருக்கும் மேல் லயத்துக்கு ஏறினேன். வேலை போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொன்னேனே, அக்கா என்னை மெச்சுவாள் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. தாய், பிள்ளை, பலகை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"அது சரி. கீழ் டிவிசனுக்கு ஆறரைன்னு போட்டியே, அங்க காம்பரா எத்தன மணிக்குத் தொறக்குது?"

அங்கேயும் ஆறே முக்கால்தான். கீழ் டிவிசனிலும் காலையில் தாய்மாரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். மூன்று முறை படித்துச் சரி என்று நான் அனுப்பிய தாள் நாளைக்கும் அவர்களைத் திருப்பி அனுப்பும்.

"நீயும் காம்பராவுல கெடந்து வளந்தவதானே" என்றாள் அக்கா.