எட்டாம் வகுப்பில் கூடிய ரோம் சபை

அன்று எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் இருந்தவர்கள்: பாடம் எடுத்த பரிதா டீச்சர், ரோம் சபைக்காரர்கள் மாதிரி வெள்ளை வேட்டியைத் தோளில் சுற்றிய பிள்ளைகள், கடைசி பெஞ்சில் எங்கள் பள்ளித் தாளாளர், அவருக்கு டீ கொண்டுபோய் வாசலிலேயே நின்றுவிட்ட அட்டெண்டர், அதாவது நான். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். வகுப்புக்குள் கால் வைத்தால் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று இன்றைக்கும் வியர்க்கும்.

அன்று வேறொரு கவலையும் இருந்தது. டீச்சர் தற்காலிகம். தாளாளருக்கு இந்த வகுப்பு பிடித்தால்தான் வேலை நிரந்தரம்.

ரோமானியர் போய்விட்டாலும் அவர்களுடைய ஏற்பாடுகள் மேல்நாடுகளில் இன்னும் இருக்கின்றன என்று டீச்சர் சொன்னார். சட்டம், செனட் சபை, மாதங்களின் பெயர். வீட்டோவும் அங்கிருந்து வந்ததுதானாம். ஜனங்களின் பிரதிநிதி எழுந்து அதைச் சொன்னால், எந்தத் தீர்மானமும் அப்படியே நின்றுவிடும். வகுப்பே கை தூக்கி முத்துமாரியைப் பிரதிநிதியாக்கியது.

தாளாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நானும் ஒரு தீர்மானம் கொண்டாரேன். இனிமே வெள்ளிக்கிழமை பி.டி. பீரியட்ல கணக்கு டெஸ்ட்."

முத்துமாரி எழுந்தாள். "வீட்டோ சார்."

"இது ரோம் இல்ல தாயி, ஒத்தக்கடை."

"ரோம்லயும் ஒருத்தரே எல்லாத்தையும் முடிவு பண்ண ஆரம்பிச்சாராம் சார். சபையிலயே குத்திப்புட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

நான் டீத் தட்டோடு ஓரடி பின்னால் நகர்ந்தேன். தாளாளர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "என்னய்யா, நீயும் கத்தி வச்சிருக்கியா?"

"இல்ல சார். டீ மட்டும்தான்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. டீயைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். வேறு பள்ளிக்கூடம் தேட வேண்டியதுதான் என்றார் டீச்சர். எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. கத்தி விஷயத்தில் என் பெயரும் அடிபட்டிருக்கிறதே.

சாயந்திரம் தாளாளர் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். டீச்சருக்கு நிரந்தர ஆர்டர். நான் நம்பாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக எம்புட்டுப் பேசுது பாத்தியா? இந்த டீச்சரை விட்டா மேலூர் ரோட்டுல அடுத்த ஸ்கூல்காரன் கொத்திட்டுப் போயிருவான்" என்றார். பி.டி. பீரியட் என்னாகும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அதான் அந்தப் பிள்ளை நிப்பாட்டிப்புட்டாளே."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த வகுப்புக்குள் நுழைவதானாலும் என்ன பாடம் நடக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அன்று கவரைக் கொடுத்த கையோடு டீச்சரிடம் நானும் விசாரித்தேன்.

"நாளைக்குப் பிரெஞ்சுப் புரட்சிண்ணே, ராஜா தலையையே வெட்டுன கதை" என்றார்.

அப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.