மூலையில் துண்டு தங்காத கடை

ஒல்லூரில் இனாசுவின் சவப்பெட்டிக் கடைக்கு வந்துவிட்டுப் போகிறவர்களிடம் யாரும் "போயிட்டு வாங்க" என்று சொல்வதில்லை. இனாசு தலையை மட்டும் ஆட்டுவான். பின்பக்கம் கடைசல் எந்திரம் போட்டிருந்த தேவஸ்ஸி அதுவும் செய்யமாட்டார். தலையில் மரத்தூள், மூக்கில் மரத்தூள், பேச்சில் எரிச்சல். "இந்த மனுஷன் நாக்குக்கும் சாணை பிடிச்சு வெச்சிருக்கு" என்று அவர் மனைவி கொச்சன்னமே சொல்லுவாள்.

பெட்டிக்கு அறுத்தது போக மிஞ்சும் பலகைத் துண்டுகள்தான் அவருடைய பிழைப்பு. பலாத் துண்டு, ஆஞ்சிலித் துண்டு, எப்போதாவது பெரிய வீட்டுச் சாவு வந்தால் ஈட்டித் துண்டு. பெட்டிப் பலகை மெல்லிசு, ஒற்றையாகக் கடைய முடியாது. நான்கைந்தை அடுக்கிப் பசை தடவி இறுக்கி, காய்ந்த பிறகு எந்திரத்தில் ஏற்றுவார். உளி பட்டதும் மஞ்சளும் கறுப்புமாக வரிகள் எழுந்து வரும். பூரிக்கட்டை, மத்து, பம்பரம், அலமாரிக் குமிழ் என்று எதெல்லாமோ ஆகும். மாதாகோவில் பெருநாள் சந்தையில் கொச்சன்னம் சாக்கு விரித்து உட்கார்ந்தால் அந்த வரிகளுக்காகவே பெண்கள் மொய்ப்பார்கள். மரம் எங்கிருந்து வருகிறது என்பது ஊரறிந்த விஷயம். "வாங்கிக்கோடீ, மாமியார் தலையில ஒண்ணு போட்டா நேரா மோட்சம்தான்" என்று ஒருத்தி எடுத்துக்கொடுக்க, சந்தையே சிரிக்கும்.

கஞ்சிக்கு வழி செய்கிற தொழில்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் தேவஸ்ஸியிடம் ஒரு வெறி இருந்தது. கை நீளத்துக்கு ஒரு துண்டு தரையில் விழுந்துவிட்டால் போதும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார். அதை அப்போதே இரண்டாக அறுத்தால்தான் மூச்சு வரும். சின்னத் துண்டுகள் நாள் கணக்கில் கிடக்கும், அதைப் பற்றிக் கவலையில்லை. நீளத் துண்டு மட்டும் கடை மூலையில் ஒரு பொழுது தங்கக்கூடாது.

"எலும்புத் துண்டைக் கண்ட நாய் மாதிரி எதுக்கு ஓடி வர்றீங்க சேட்டா? அது எங்கே போயிடப் போவுது?" என்பான் இனாசு.

"உனக்கென்னடா? உன் வேலையைப் பாரு."

இனாசுவுக்குக் காரணம் தெரியாது. அவன் அப்போது பிறந்திருக்கவில்லை.

தேவஸ்ஸிக்குத் தொம்மி என்று ஒரு மகன் இருந்தான். மூன்று வயதில் ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து தோளில் போட்டுக்கொண்டுதான் திரும்பி வந்தார். இதே கடையில் இனாசுவின் அப்பன் மூலையில் சாத்தியிருந்த நீளத் துண்டுகளை எடுத்தான், அளந்து பார்த்தான், வெட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆணி அடித்தது மட்டும்தான் வேலை. கூட நின்றவர்களில் யாரோ நல்லெண்ணத்தில் சொன்னார்கள்: "மரம் தயாரா இருந்தது நல்லதாப் போச்சு."

பாவி, எந்த வாயால் சொன்னானோ! அந்தச் சொல் தேவஸ்ஸியின் நெஞ்சில் போய்க் குத்தியது, பிறகு வெளியே வரவேயில்லை. மரம் தயாராக இருந்ததால்தான் பிள்ளை போனான் என்று அவர் புத்தி முடிச்சுப் போட்டுக்கொண்டது. காலி மூலை யாரையும் கூப்பிடாது என்று நம்பினார். மரம் கிடக்கிறதாலா சாவு வருகிறது என்று நாம் கேட்கலாம். கேட்க நமக்கு வாய் இருக்கிறது, பிள்ளையைக் கொடுத்தவர் அவர்.

அதற்குப் பிறகும் ஒல்லூரில் குழந்தைகள் சாகாமல் இல்லை. அப்போதெல்லாம் இனாசு பக்கத்து மில்லில் பலகை அறுத்து வாங்கிச் சின்னப் பெட்டி அடிப்பான். தேவஸ்ஸி எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போய்விடுவார். "அது மில் மரம், நம்ம மூலை மரம் இல்லை" என்று கொச்சன்னத்திடம் ராத்திரி சொல்லுவார். அவளுக்கும் தொம்மி மகன்தான். அவள் மறுத்துப் பேசியதில்லை, சோற்றைப் போட்டுக் கொடுப்பாள்.

மழை விடாமல் பெய்த ஒரு ஹர்த்தால் நாளில் ஷாஜன் வந்தான். செங்கல் சூளையில் வேலை செய்யும் பையன், கல்யாணமாகி நாலு வருஷம்கூட ஆகவில்லை. மில் பூட்டிக்கிடந்தது, தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. இனாசு மட்டும் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருந்தான். சாவுக்கு ஏது ஹர்த்தால்?

"சின்னது வேணும் சேட்டா" என்றான் ஷாஜன். கையை இடுப்பளவுக்குக் கொண்டுபோய், பிறகு இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் காட்டினான். "மோனுக்கு. என் பிள்ளைக்கு."

இனாசு மூலையைப் பார்த்தான். பெருக்கித் துடைத்த மாதிரி இருந்தது. கடைசல் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தான். அன்று காலைதான் தேவஸ்ஸி எல்லாவற்றையும் துண்டாக்கிப் பசையில் ஒட்டி இறுக்கியிருந்தார்.

"ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு மிச்சம் வெக்கக்கூடாதா? நல்லா இருப்பீங்க சேட்டா! இப்ப இவனுக்கு நான் என்னத்தைக் கொடுக்கிறது?" என்று கத்தினான். பிறகு ஷாஜனிடம் திரும்பிக் குரலைத் தணித்தான். "மில்லுக்காரன் ஊர்லயே இல்லைடா. செஞ்சு வெச்சது பெரிசு ஒண்ணு இருக்கு. அதைக் கொண்டுபோ. காசைப் பத்திப் பேசாதே."

ஷாஜன் அந்தப் பெரிய பெட்டியைப் பார்த்தான். கையால் சாண் போட்டு அதை அளந்தான்.

"இதுல வெச்சா அவன் ஒரு ஓரமாக் கிடப்பானே சேட்டா" என்றான். "அவனுக்குத் தனியாப் படுத்தா பயம். நடுவுலதான் படுப்பான், எனக்கும் அவளுக்கும் நடுவுல."

தேவஸ்ஸி உளியைக் கீழே வைத்தார். இத்தனை காலமும் மூலையைப் பெருக்கிப் பெருக்கி யாரைக் காப்பாற்றினோம்? சாவு வழக்கம்போல் வந்துவிட்டுத்தான் போயிருக்கிறது. மரம் மட்டும்தான் இல்லை. ஒரு தகப்பன் மழையில் நனைந்து வந்து வெறுங்கையோடு நிற்கிறான். தொம்மிக்கு இருந்தது இவன் பிள்ளைக்கு இல்லாமல் போனது தன்னால்தான்.

சுவரில் முழுப் பலகைகள் சாத்தியிருந்தன. மேனாச்சேரிப் பெரிய வீட்டுக் கிழவர் இழுத்துக்கொண்டு கிடந்தார், அவருக்காக எடுத்து வைத்த ஈட்டிப் பலகை. தேவஸ்ஸி போய் ஒன்றை இழுத்தார்.

"சேட்டா, அது மேனாச்சேரிக்காரங்களோடது!"

"கிழவன் காத்திருக்கட்டும். இவன் காத்திருக்க வேண்டாம்."

வாழ்நாளில் ஒரு பெட்டிக்கும் ஆணி அடிக்காத மனிதர் அன்று அடித்தார். ஷாஜனை உட்காரச் சொல்லி, "உயரம் எவ்வளவுடா மோனே? சரியாச் சொல்லு, ஓரத்துல கிடக்கக் கூடாதில்லையா" என்று கேட்டுக் கேட்டு அறுத்தார். உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், சிலும்பு ஒன்றுகூட விடவில்லை. கண்ணீர் பலகையில் விழுந்தது. அதையும் சேர்த்துத் தேய்த்தார். இனாசு பலகையைப் பிடித்துக்கொண்டான்.

ஷாஜன் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினான். இனாசு தலையை ஆட்டினான். தேவஸ்ஸி முதல்முறையாக வாசல்வரை போய் நின்றார்.

திரும்பி வந்தபோது தரையில் மிச்சப் பலகைகள் கிடந்தன. நீளப் பலகையைச் சின்னப் பெட்டிக்கு அறுத்தால் பாதிக்குப் பாதி மிஞ்சும். இன்னொரு சின்னப் பெட்டிக்கு வேண்டிய மரம் அப்படியே இருந்தது, வெட்டக்கூட வேண்டியதில்லை. இனாசு பயந்து போய் அவர் முகத்தைப் பார்த்தான். ரம்பம் அவர் பக்கத்திலேயே இருந்தது.

தேவஸ்ஸி குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். தூசி தட்டினார். கொண்டுபோய் மூலையில் சாத்தி வைத்தார்.

வீட்டில் கொச்சன்னம் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டாள். "இன்னிக்கு என்ன கடைஞ்சே மனுஷா?"

"ஒண்ணும் கடையல. ஒரு சின்னப் பெட்டி அடிச்சேன். மூலையில மரம் வெச்சுட்டு வந்திருக்கேன்."

எந்த வீட்டுப் பிள்ளை என்று அவள் கேட்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொம்மி போன பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.