கிராணியின் வலைப்பட்டை

மலாயாவில், கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில், பேர் பதியும் கிராணி ஒருவர் இருந்தார். மெலிந்த ஆள். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மணிக்கட்டில், வெள்ளிக் கம்பியை வலைபோலப் பின்னிய பட்டையோடு ஒரு கடிகாரம்.

வேலைக்குமுன் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் எங்கள் நாற்பது பேரையும் வரிசையில் நிறுத்திவிட்டு, அந்தப் பட்டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிரஷால் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார். கடிகாரத்தில் மட்டும் ஒரு சொட்டு படவிட மாட்டார். ஊதி உலர்த்திக் கட்டிக்கொண்ட பிறகுதான் பேர் கூப்பிடுவார். ஆறு மணிக்குமேல் கூப்பிடும் பேருக்கு அரைநாள் கூலிதான். என் பேர் எப்போதும் கடைசி.

"நாங்க அஞ்சரைக்கே வந்துட்டோங்க ஐயா" என்றேன் ஒருநாள்.

"கடிகாரம் ஆறு பத்துன்னு காட்டுது. அது பொய் சொல்லுமா?"

அன்று பால் நிறுக்கும் கொட்டகையில் அவர் வழுக்கினார். ரப்பர்ப் பால் வழியும் கையால் அவர் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துத் தாங்கினேன்.

"விட்றா, விட்றா" என்றார்.

விழப்போகிறவரை எப்படி விடுவது? பால் கண்ணிகளுக்குள் புகுந்து உறைந்துவிட்டது.

மறுநாள் பெரட்டில் அவர் ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாகக் குத்தி எடுத்தார். ஆறு மணி எப்போதோ போய்விட்டது. நாற்பது பேருக்கும் அரைநாள்.

அத்தனை பேரும் முறைத்தது அவரை அல்ல, என்னை.