இங்கே திறந்த பக்கம்

சிங்கப்பூர் செம்பவாங்கில் எங்கள் வீட்டு அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தவள் அண்டை நாட்டுத் தமிழ்ப் பெண், நர்ஸ். அவள் ஊரில் சண்டை மூண்ட பிறகு அரசாங்கம் இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாக முடக்கிக்கொண்டிருந்தது. எந்த மருத்துவமனையில் இன்று டாக்டர் இருக்கிறார் என்று தன்னார்வலர்கள் எழுதிவந்த பக்கமும் அதில் போய்விட்டது. அவள் தங்கை அங்கே நிறைமாதம். முதல் பிரசவம் சிசேரியன், அதனால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது.

நான் புரோகிராமர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம். நானே ஒரு வழி பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தின் பிரதிகளை நாலைந்து இடங்களில் வைத்து, எல்லாருக்கும் ஒரே லிங்க் கொடுத்தேன். அதை அழுத்தினால் அசல் பக்கம் திறக்கிறதா என்று என் சர்வர் பார்க்கும். திறந்தால் அங்கே அனுப்பும், இல்லாவிட்டால் ஒரு பிரதிக்கு அனுப்பும். யார் அழுத்தினார்கள் என்ற பதிவே வைக்கவில்லை, அது யார் கையிலாவது சிக்கினால் அழுத்தியவர்களுக்கு ஆபத்து. நான் சோதித்தபோதெல்லாம் பக்கம் திறக்கிறது என்று பச்சை காட்டியது. அவள் ஊர்க்காரர்கள் அந்த லிங்க்கை ஒரு வாரமாகக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறியிருந்தது.

ஞாயிறு காலை இருவரும் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தங்கையின் குரல் செய்தி வந்தது. நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது, லிங்க் திறக்கவில்லை. நின்ற இடத்திலேயே என் போனில் அழுத்தினேன். உடனே திறந்தது.

"ஓப்பன் ஆகுது லா! அங்க லைன் ஸ்லோவா இருக்கும். திரும்ப ட்ரை பண்ணச் சொல்லு," என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க தேக்காவுலேருந்து பாக்குறீங்க அக்கா. அவ அங்கேருந்து பாக்குறா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சர்வர் இருந்ததும் சிங்கப்பூரில்தான். அந்தப் பக்கத்தை இங்கே யாரும் முடக்கவில்லை. அதனால் அசல் நன்றாக இருக்கிறது என்று நம்பி, எல்லாரையும் அது அவள் ஊரில் பூட்டிக் கிடந்த கதவுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பிரதிகள் சும்மா கிடந்தன.

காப்பிக்கடை மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். யோசித்துத் திருத்த நேரமில்லை. அசலை நீக்கிவிட்டு, பிரதிகளுக்கு மட்டும் அனுப்பும்படி மாற்றினேன். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். அவள் தங்கைக்கு மறுபடி செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேராமல் ஒற்றை டிக்கிலேயே நின்றது. வாங்கிய காப்பி ஆறிப்போனது, மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டி என் செருப்பை நனைத்தது.

பதில் வந்தது. "திறந்துருச்சு. கெளம்புறோம்."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒரு வாரமா மத்தவங்களுக்கும் தொறக்கலையா அக்கா?"

அன்று மாலை தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. இந்தக் கதையைக் கேட்பவர்களிடம் அதைத்தான் சொல்வேன். அவள் கேட்டதற்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.