ரெண்டு அண்ணன், ஒரு மீன்

போன மாதம் டோல்கேட் பக்கம் ஒரு கலர் மீன் கடையில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. தமிழிலிருந்து தமிழுக்கு.

விஷயம் இதுதான். ராயபுரத்தில் என் பிறந்த வீடு. இடது பக்கம் பெரியண்ணன் அந்தோணி - துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வலது பக்கம் சின்னண்ணன் சேவியர் - ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நடுவில் பொதுக் கூடம். இருவரும் பேச்சை நிறுத்திச் சில வருடம் ஆகிறது.

காரணம்? ஒரு ஞானஸ்நான விருந்து. பெரியவர் ஏற்பாடு செய்த பிரியாணியைச் சின்னவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பு ஜாஸ்தி” என்றார். நாலு பேர் முன்னால். அவ்வளவுதான்.

பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். இரண்டு பக்கமும் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பொதுக் கூடத்தில்தான் ஸ்டெல்லாவின் மீன் தொட்டி இருக்கிறது. ஸ்டெல்லா பெரியண்ணன் மகள். வளர்ந்ததெல்லாம் சித்தப்பா தோளில். கல்யாணமாகி பெங்களூரு போகும்போது, தொட்டியை இருவர் பொறுப்பிலும் விட்டுவிட்டுப் போனாள். இரண்டடித் தொட்டி, உப்புத் தண்ணீர், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் ஒரு ஜோடி. அதில் ஒன்று செத்துப்போனது.

அவள் தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தாள். வீடியோ காலில் எனக்கு உத்தரவு வந்தது.

“அத்தை, நல்ல கலரா ஒரு மீன் வாங்கி வுடுங்க. ஒண்ணே ஒண்ணு, அதுக்கு மேல தொட்டி தாங்காது. அப்பா, சித்தப்பா ரெண்டு பேரையும் இட்டுனு போங்க. வயித்துப் புள்ளையோட வந்து, ரெண்டு பக்கமும் தனித்தனியா உக்காந்து என்னால துன்ன முடியாது.”

ஒரே ஒரு மீன். இரண்டு அண்ணன். நான் என்ன பாவம் செய்தேனோ...

கடையில் பெரியவர் ஆரம்பித்தார்: “ரோசி, எனக்கு அந்த மஞ்ச மீனு புட்சிகீது. அந்த ஆளாண்ட சொல்லு.”

‘அந்த ஆள்’ ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். “மஞ்சயா? காமாலை வந்தா மாறி கீது. ஊதால எடுக்கச் சொல்லு ரோசி.”

நான் சொன்னேன். இருவருக்கும் காது பிரமாதமாகக் கேட்கும். இருந்தாலும் சொன்னேன்.

கடைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “இன்னாக்கா, ரெண்டு பேருக்கும் காது அவுட்டா?” பிறகு அவர்கள் பக்கம் திரும்பிச் சத்தமாக, “தண்ணில உப்பு கரெக்டா போட்றீங்களா? ஜாஸ்தியாச்சுன்னா பேஜாராய்டும்!” என்றார்.

இரண்டு அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவசரமாக இருமினேன்.

மஞ்சள் மீன் பெரிதாக வளருமாம், சின்னத் தொட்டிக்கு ஆகாதாம். கடைசியில் கடைக்காரர் இன்னொன்றைக் காட்டினார். விரல் நீளம். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள் - யாரோ இரண்டு டப்பா பெயின்ட்டில் முக்கி எடுத்த மாதிரி.

“டாட்டிபேக்னு பேரு. கலரு சோக்கா கீதா? ஆனா ரவுடிக்கா. இன்னொரு மீன நிம்மதியா வுடாது.”

எங்கள் குடும்பத்துக்கென்றே பிறந்த மீன். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

ஆட்டோவில் வரும்போது பெரியவர் கையில் மீன் கவர். சின்னவர் என்னிடம், “மூஞ்சி இன்னா கலருன்னு கேளு.” பெரியவர் என்னிடம், “வால் இல்லாம நீந்துமான்னு கேளு.”

அடுத்த வாரம் ஒரு மதியம் நான் அங்கே போயிருந்தபோது கரண்ட் போனது. தொட்டியில் காற்று விடும் மோட்டார் நின்றது. கொஞ்ச நேரத்தில் இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லா வருவது அந்த வாரக் கடைசியில்.

பெரியவர் ஒரு மக்கை எடுத்துவந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். அப்படி ஊற்றினால் தண்ணீரில் காற்று கலக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சின்னவர் தன் வாசலில் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பெரியவர் கை சோர்ந்து, மக் கீழே கீழே இறங்கியது.

“கீய வெச்சு ஊத்தாத. தூக்கி ஊத்து.”

சின்னவர் நேராகச் சொன்னார். நடுவில் நான் இல்லை!

பெரியவர் திரும்பவே இல்லை. “தெர்ஞ்சா நீ வந்து ஊத்தேன்.”

சின்னவர் வந்து மக்கை வாங்கினார். நான் சமையலறை வாசலில் மறைந்து நின்றேன். மாற்றி மாற்றி ஊற்றினார்கள், கரண்ட் வரும்வரை. அந்த மூச்சுத் திணறலிலும் டாட்டிபேக் சின்னவர் விரலைக் கடித்தது. பெரியவர் சிரித்துவிட்டார். சின்னவரும்.

சமாதானம் என்றால் மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடிப்பு என்று நினைக்கிறோம். நம் வீடுகளில் அப்படியெல்லாம் கிடையாது. ஒருவர் ஒரு வேலையைத் தப்பாகச் செய்ய வேண்டும். இன்னொருவரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் போக வேண்டும்.

ஸ்டெல்லா வந்தாள். கூடத்தில் ஒரே பாயில் எல்லோருக்கும் சாப்பாடு. அவள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அண்ணன்கள் இப்போது தினமும் பேசுகிறார்கள். மீனுக்குத் தீனி எவ்வளவு, லைட்டை எப்போது அணைப்பது, நேற்று யார் மறந்தது - தெருமுனை வரை கேட்கிறது.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர் என்னை வாசலிலேயே மடக்கினார்: “ஏம்மா, மறுபடியும் உப்பு ஜாஸ்தியா ஒரு பிரியாணி போட்டா இன்னா?”